முகூர்த்தமில்லாத நாட்கள்

எனக்கும் என் மச்சானுக்கும் சேர்த்து ஒரே கேமராதான் இருந்தது. மச்சான் என் மனைவியின் தம்பி. சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான். நான் கடலூர் முதுநகரில் குடியிருந்துகொண்டு, மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பில் போடுகிறேன். அவனுக்குக் கல்யாணமும் காதுகுத்தும் எடுக்கக் கேமரா வேண்டும். எனக்குக் குறும்படம் எடுக்க வேண்டும். ஆளுக்கொன்று வாங்குகிற வசதி இருவருக்கும் இல்லாததால் சேர்ந்தே வாங்கலாம் என்று முடிவு செய்தோம். முடிவான அன்றைக்கே அவன் பங்கு பிரித்துவிட்டான்.

"முகூர்த்த நாளெல்லாம் எனக்கு மாமா. மத்த நாளு பூரா ஒங்களுக்கு."

கேட்டபோது தாராளமாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டியபோதுதான் என் பங்கு என்னவென்று புரிந்தது. அஷ்டமி, நவமி, ஆடி, மார்கழி. எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும். நல்ல ஞாயிறுகளெல்லாம் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விட, ஊரில் யாரும் எதையும் தொடங்காத ஞாயிறுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. ஆடியில் கடற்கரைக் காற்று மணலை வாரி லென்ஸில் அடிக்கும். மார்கழியில் வெயில் ஏறும்வரை எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. என் படங்களில் வருகிற வெளிச்சம் ஏன் அப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் பஞ்சாங்கத்தைத்தான் காட்ட வேண்டும்.

கேமராவைப் பாண்டிச்சேரியில் பழைய சாமான் விற்கிற கடையில் வாங்கினோம். கடைக்காரர் அதை எடுத்துக் கையில் கொடுத்ததுமே நான் மயங்கிவிட்டேன். முன்பு யாரோ ஒரு டாக்டர் பறவைகளைப் படமெடுக்க வைத்திருந்தாராம், ஒரு கீறல் கிடையாது. நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி அலமாரியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சான் அதைக் கழற்றி வாங்கி, லென்ஸுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"இன்னா தம்பி, கண் ஆஸ்பத்திரி மாரி பாக்குற?" என்றார் கடைக்காரர்.

"ஃபங்கஸ் இருக்கான்னு பாக்குறேண்ணே. நம்ம கடக்கரை ஊருல உப்புக் காத்து ஜாஸ்தி. லென்ஸ் உள்ள பூத்துடும்."

பூக்கவில்லை. வாங்கினோம். திரும்பும் வழி முழுக்க நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகு லென்ஸ் பூக்காமல் காப்பது என் பொறுப்பானது. மருந்து டப்பாக்களில் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டிருக்கும் சின்னச் சின்னப் பொட்டலங்களைக் கடையில் சேர்த்துவைத்து, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் கேமராவோடு போட்டு மூடுவேன். ஒரு வாரம் கேமரா கடலூரில், மறு வாரம் சிதம்பரத்தில். நான் பஸ் ஏறிப் போய்க் கொடுப்பேன், அல்லது அவன் வந்து வாங்கிக்கொள்வான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று அந்தப் பாதையில் நான் அந்த டப்பாவோடு போய்வந்த அளவுக்கு என் பிள்ளையோடு போய்வந்ததில்லை.

அந்தக் கேமராவில் நான் முதலில் எடுத்த படம் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றியது. கணவர் இறந்துபோன பிறகு, ஐம்பது வயதைத் தாண்டியவள், அவர் விட்டுப்போன வண்டியை ஓட்டிப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. எதிர்வீட்டு அக்காவைக் கேட்டேன். அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாதா கோவில் பாடற்குழுவில் பாடுகிறவர். அவருக்கு நடிப்பும் தெரியாது, ஸ்கூட்டியும் தெரியாது. "ரெண்டுமே தெரியாத ஆளுதான தம்பி ஒங்களுக்கு வேணும்?" என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்து நேராக சில்வர் பீச் ரோட்டுக்கு வந்துவிடுவார். மைக் பிடிப்பது என் மனைவி. ஒட்டடைக் குச்சியின் நுனியில் மைக்கைக் கட்டி, காற்றுச் சத்தம் கேட்காமலிருக்க அதற்கு ஒரு பழைய மங்கி குல்லாவை மாட்டியிருந்தோம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று அந்தக் குல்லாவைத்தான் பார்த்தார்கள்.

படம் பாதியில் இருக்கும்போது நான் கிம்பல் வாங்கினேன். கேமராவை அதில் பொருத்திக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாலும் ஓடினாலும் காட்சி குலுங்காமல் மிதந்து போகும். என் சொந்தக் காசில் வாங்கியது, மச்சானுக்குப் பங்கு கிடையாது. அது வந்த பிறகு நான் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அக்கா வண்டியைத் தள்ளினால் கூடவே நடந்தேன், விழுந்தால் சுற்றி வந்தேன், சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுற்றி வந்தேன். மனைவி ஒட்டடைக் குச்சியோடு என் பின்னாலேயே ஓடிவந்தாள். எடுத்ததைப் போட்டுப் பார்க்கும்போது பெரிய படங்களில் வருகிற மாதிரியே இருந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

படத்தை யூடியூபில் ஏற்றிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. எடுக்கிற களைப்பு உடம்போடு போய்விடும், ஆள் சேர்க்கிற களைப்பு வேறு மாதிரி. சொந்தக்காரர்கள், கடைக்கு வருகிற மருந்துப் பிரதிநிதிகள், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள், அத்தனை வாட்ஸப் குழுக்களிலும் இணைப்பை அனுப்பினேன். அனுப்பிய கையோடு கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. படத்தின் தலைப்புக்கூட ஓடி முடிந்திருக்காது, அதற்குள் "சூப்பர்" என்று பதில். கடை முதலாளி மட்டும் அக்கறையாக, "தியேட்டருக்கு எப்ப வருது?" என்று கேட்டார். விழாக்களுக்கு அனுப்பினால், பணிவான ஒரே மாதிரிக் கடிதங்கள் திரும்பி வந்தன. பார்த்த சிலரும் கீழே எழுதியது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, என்ன கேமரா, என்ன லென்ஸ்?" ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினேன். அக்காவின் நடிப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எத்தினி பேரு பாத்துருக்காங்க தம்பி?" என்பார். நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன்.

இதற்கிடையில் மச்சான் சாவு வீடுகளுக்கு நேரலை செய்து தர ஆரம்பித்தான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். உடனே கிளம்பி வர முடியாதவர்கள் செல்போனிலாவது கடைசியாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். திட்டக்குடியிலிருந்துகூட அவனைக் கூப்பிட்டார்கள். முதலில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் நாட்களில் கை வைக்கத் தொடங்கியபோதுதான் உறைத்தது.

அன்று நவமி, ஞாயிற்றுக்கிழமை. ஏற்றிய ஸ்கூட்டி படத்திலேயே சத்தம் சரியாக வராத ஒரு காட்சியைத் திரும்ப எடுப்பதாக இருந்தேன். அக்கா சேலையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். காலையிலேயே மச்சானிடமிருந்து போன்.

"மாமா, கேமராவ எடுத்துக்கிட்டு ஒடனே கெளம்பி வாங்க. கூட வர்ற ஆளுக்குக் காய்ச்சல். நீங்களே எடுக்கணும்."

"இன்னிக்கி என் நாளுடா."

"தெரியும் மாமா. சாவுக்கு ஏது அஷ்டமி நவமி? ஸ்கூல்ல எச்செம்மா இருந்து ரிட்டயர்டு ஆன டீச்சரம்மா ஒருத்தவங்க. பொண்ணு கனடாவுல கெடக்குது. நெறமாசம், ஃப்ளைட்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. இப்ப நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

எதிர்வீட்டுக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "போங்க தம்பி. சேலை எங்க போயிடப் போவுது" என்றார்.

வீடு அண்ணாமலை நகர்ப் பக்கம். கூடத்தின் நடுவில் குளிர்பதனப் பெட்டிக்குள் அந்த அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பழைய மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களிலேயே பலருக்கு நரைத்திருந்தது. மச்சான் செல்போனையும் வயர்களையும் இணைத்துத் தன் யூடியூப் சேனலில் நேரலையைத் தொடங்கினான். நான் பழக்க தோஷத்தில் கேமராவைக் கிம்பலில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வாசலில் குவிந்த மாலைகள், அழுகிற முகங்கள், சுவரில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் படங்கள், பெட்டியைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

மச்சானின் இன்னொரு போன் அடித்தது. கேட்டுவிட்டு என் காதருகே வந்தான்.

"மாமா, அந்தப் பொண்ணு. நடக்க வேணாங்குது. தல சுத்துதாம்."

கிம்பலைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் கேமரா முக்காலியைப் போட்டு அதில் கேமராவை நிறுத்தினேன். மச்சான் போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினான்.

"அண்ணா, மேல ட்யூப் லைட்டு கண்ணாடில அடிக்குது. அம்மா மொகம் தெரியல." அழுத குரலில்லை. வீட்டு வேலை எதையோ சரியாகச் செய்யச் சொல்கிற குரல்.

விளக்கை அணைக்கச் சொன்னேன். முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன். பெட்டியின் கண்ணாடி உள்ளே வேர்த்திருந்ததை அந்தப் பெண்ணின் அண்ணன் திறந்து துடைத்தார்.

"இப்ப தெரியுதாம்மா?"

"தெரியுது. அம்மாவோட மூக்குக் கண்ணாடி எங்க? அவுங்க கண்ணாடி இல்லாம யாரையும் பாக்க மாட்டாங்க. அண்ணன போட்டு விடச் சொல்லுங்க."

அண்ணன் உள்ளே போய்த் தேடினார். அலமாரி திறக்கும் சத்தம், பாத்திரம் நகர்கிற சத்தம். பிறகு கண்ணாடியோடு வந்து, தன் சட்டை நுனியில் துடைத்து, அம்மாவுக்கு மாட்டிவிட்டார். ஒரு காது சரியாகப் பொருந்தவில்லை. இரண்டாம் முறை மாட்டினார்.

"அவ்ளோதான் அண்ணா. அப்பிடியே விட்டுடுங்க" என்றது போன்.

அப்படியே விட்டேன். தூக்குகிறவரை கேமரா அசையவில்லை. நானும் அதன் பக்கத்திலேயே நின்றேன். கால் கடுத்தது, பசித்தது, சட்டை நனைந்துவிட்டது. பார்க்கிறவர்களின் எண்ணிக்கை மச்சானின் போனில் ஏறிக்கொண்டே போனது. எங்கெங்கோ இருந்த மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வந்து சேர்ந்தார்கள். யாரும் பாதியில் எழுந்து போனதாகத் தெரியவில்லை. என் படங்கள் அத்தனையையும் இத்தனை வருஷங்களில் பார்த்தவர்களைக் கூட்டினாலும் அந்த ஒரு பகலுக்கு வராது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வந்தது துக்கமில்லை, பொறாமை. ஒரு பிணத்தின் மேல் பொறாமைப்படும் அளவுக்கு ஆகிவிட்டோமே என்று முதுநகர் வந்து இறங்கும்வரை அசிங்கமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. மச்சானிடம் எண் வாங்கியிருக்கிறாள். நன்றி சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "உங்க ஸ்கூட்டி படம் பார்த்தேன் அண்ணா. அந்தம்மா நல்லா நடிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன். ஆனா அவங்களைப் பார்க்கவே விட மாட்டேங்கிறீங்க. நான் பார்க்க ஆரம்பிச்சதும் கேமரா கிளம்பிப் போயிடுது. எங்க அம்மாவை நீங்க அப்படிக் காட்டலையே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாவு வீடும் சினிமாவும் ஒன்றா என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். மனைவியிடம் காட்டினேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே படித்தாள்.

"சரியாத்தான சொல்லுது."

"அப்ப நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"நான் குச்சியப் புடிச்சிக்கிட்டு ஒங்க பின்னாடி ஓடிக்கிட்டு இருந்தேன். எனக்கு எங்க படம் தெரிஞ்சிது?"

மார்கழியில் கேமரா என் பக்கம் வந்தபோது, கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி எடுத்தேன். வண்டியோடு விழுந்து எழுந்தவள், அதை ஓரமாக நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்காருகிறாள். முன்பு அதை நான் வட்டமடித்து எடுத்திருந்தேன். இந்த முறை முக்காலியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். அக்காவுக்கு என்னவோ போலிருந்தது.

"இன்னா தம்பி, நீங்க வரலியா?"

"இல்லக்கா. நீங்க இருங்க."

"நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம்."

கொஞ்ச நேரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார், ஏனென்றால் நிஜமாகவே அன்று விழுந்திருந்தார். பனிக்குள்ளிருந்து கடல் சத்தம் மட்டும் வந்தது. அவர் முகம் மெல்ல மெல்லத் தளர்ந்து, யாரையோ மனசுக்குள் திட்டுவது போலாகி, பிறகு அந்த ஆளையே நினைத்துச் சிரிப்பது போலானது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. மனைவி குச்சியை இறக்காமல் நின்றாள்.

புதிதாக வெட்டி ஒட்டிய படத்தை ஏற்றினேன். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அதே கட்டைவிரல்கள், அதே லென்ஸ் கேள்வி. கனடாப் பெண்ணுக்கும் அனுப்பினேன். குழந்தை பிறந்துவிட்டதாகவும் பாதி பார்த்திருப்பதாகவும் பதில் போட்டாள். மீதிக்காகக் கொஞ்ச நாள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கைக்குழந்தைக்காரியிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று தெரிந்தும் பார்த்தேன். கிம்பலை மச்சானிடமே கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை அழைப்புக்கு அது நன்றாக உதவுகிறது என்றான்.

அம்மாவின் முதல் திதிக்கு அந்தப் பெண் சிதம்பரம் வந்திருந்தாள். மறுநாள் ஸ்டுடியோவுக்கு வருவதாகச் சொன்னாளாம். மச்சான் என்னையும் வரச் சொன்னான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக வந்தாள். போனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அந்த வீடியோவ அழிச்சிடுங்க அண்ணா."

மச்சான் திகைத்துவிட்டான். அவன் சேனலில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் ஊராக அவனைக் கூப்பிடுகிறார்கள்.

"ஏம்மா, எதாவது தப்பா..."

"ஒங்க மேல தப்பில்ல. யாரோ அதுலேருந்து ஒரு துண்ட வெட்டி, பாட்டுப் போட்டு அனுப்பிக்கிட்டு இருக்காங்க. இன்னும் யார் யாரோ வந்து எதெதையோ எழுதுறாங்க. அம்மா வாசலுக்குப் போறதுன்னாகூடத் தல வாரிட்டுத்தான் போவாங்க. அன்னிக்கி அத நான் சொல்ல மறந்துட்டேன். கண்ணாடி மட்டுந்தான் ஞாபகம் வந்துது."

மச்சான் என்னைப் பார்த்தான். பார்வையாளர் சேர்ப்பது எவ்வளவு கஷ்டமென்று எங்கள் வீட்டில் நன்றாகத் தெரிந்தவன் நான்தான். அவனுக்காக ஏதாவது பேசுவேன் என்று நினைத்திருப்பான். நான் பேசவில்லை. அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

"ஒங்களுக்கு ஒரு காப்பி போட்டுத் தர்றேன். அதயும் அழிக்கவா?"

"இல்ல. அது எனக்கு வேணும்."

பென் டிரைவில் ஏறி முடிகிறவரை குழந்தை மேசை மேலிருந்த லென்ஸ் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு, நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்ட கட்டத்தை மச்சான் அழுத்தினான். அத்தனை ஆயிரம் பேர் பார்த்தது, திரையில் ஒரு வரி வெற்றிடமாகப் போயிற்று. அவன் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. என் படத்தின் மீதிப் பாதியைப் பார்த்தாளா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மச்சான் மூடியை வாங்கி வைக்க, குழந்தை அழ ஆரம்பித்தது. மூடியைக் குழந்தையிடமே விட்டுவிட்டு, ஆட்டோ வரை போய் வழியனுப்பினோம்.

திரும்பி வந்து ஷட்டரைப் பாதி இறக்கியபோது அவனுக்குப் போன் வந்தது. வடலூரில் ஒரு பெரியவர், மகன் துபாயில்.

"வர்றீங்களா மாமா? ஒருத்தனா போனா சமாளிக்க முடியாது."

மறுநாள் காலையில் எனக்குக் கடை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் போலிருந்தது. வருகிறேன் என்றேன். முக்காலியை நான் எடுத்துக்கொண்டேன். சேத்தியாத்தோப்பில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அவன் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, "பெரியவருக்குத் தல வாரி, கண்ணாடி போடுறவரா இருந்தா அதயும் போட்டு வைங்கண்ணே. நாங்க வந்துடுறோம்" என்றான். எனக்கு டீயில் சர்க்கரை கம்மியாக இருந்தது. கேட்கச் சோம்பலாக இருந்ததால் அப்படியே குடித்தேன்.